உதடு சேராத மொழி

அத்தையின் உதடுகள் சேர்ந்ததை நான் பார்த்துவிட்டேன்.

ஒருமுறை என்றால் கண்ணின் குற்றம் என்று விட்டிருப்பேன். கேமராவுக்குப் பக்கத்தில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில், தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எப்போதுமே நுனிதான், முழுதாக உட்கார எனக்கு வராது. எதிரிலிருந்த சின்னத் திரை முழுக்க அத்தையின் முகம். மொட்டைத் தலை, புருவத்தில் உப்பு, வெடித்த உதடு. காட்சிப்படி மகன் உப்பு நிலத்தை விட்டுப் போகப் போகிறான், தாய் அவனை அனுப்பிவைக்கிறாள். தொடரிலேயே அத்தைக்கு இருந்த நீளமான பேச்சு அது ஒன்றுதான். எழுதியவள் நான். ஒவ்வொரு எழுத்தும் எனக்குத் தெரியும்.

அத்தை பேச ஆரம்பித்தாள். முதல் இரண்டு சொற்கள் என்னுடையவை. மூன்றாவதிலிருந்து எதுவுமே என்னுடையதில்லை. ஆனால் அந்தக் குரல்! ஏறியது, தழைந்தது, நடுவில் உடைந்து, உடைந்த இடத்திலிருந்தே மறுபடி கிளம்பியது. கேட்பதற்கு அச்சு அசலாக ஸெகாரி, தொடருக்காக நான் செய்த மொழி. பொருள் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. நடுநடுவே உதடுகள் சேர்ந்து சேர்ந்து பிரிந்தன. கடைசியில் மகனின் கன்னத்தைத் தொட்டு, "மேபா" என்றாள்.

எதிரில் நின்ற பையன் ஒரு கணம் விழித்தான். அவனுடைய வரியைத் தொடங்கவேண்டிய சொல் அத்தையிடமிருந்து வரவில்லை. பிறகு கண்ணில் நீர் தளும்ப அவனும் "மேபா" என்றான்.

"கட்!"

அப்புறம் லைட் பிடிக்கிறவர்கூடக் கை தட்டினார். இயக்குநர் ஓடிப்போய் அத்தையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அங்கிருந்தே என்னைப் பார்த்துக் கத்தினார்.

"அகராதி! உன் பாஷை இன்னைக்குத்தான் பொறந்திருக்கு!"

அகராதி என்பது அந்த செட்டில் எனக்கு வைத்த பெயர். சொற்கள் என்னிடம் இருப்பதாலா, எனக்கு வாய் அதிகம் என்பதாலா என்று நான் கேட்டதில்லை. தலையை ஆட்டினேன். அந்த மொழியை உருவாக்கியவள் நான். அத்தை பேசியது வெறும் சத்தம் என்று அங்கே திட்டமாகத் தெரிந்தவளும் நான் ஒருத்திதான்.

படிக்கிற காலத்தில் மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தள்ளுவேன். கதையைவிட அடிக்குறிப்புகள்தான் எனக்குப் பிடிக்கும். 'மூலத்தில் இச்சொல் பனி உருகும் மாதத்தையும் குறிக்கும்' என்று ஒரு வரி இருந்தால் போதும், அன்று முழுக்க ஜன்னலோரம் நின்று அந்தத் தெரியாத சொல்லை வாயில் போட்டு உருட்டிக்கொண்டிருப்பேன். உலகத்திலுள்ள தெரியாத மொழிகள் போதவில்லை என்றுதான் நானே ஒன்றைச் செய்ய ஆரம்பித்தேன். வேலை தேடும்போது செய்தேன், வேலை கிடைக்காதபோது இன்னும் தீவிரமாகச் செய்தேன். "ஊரே இல்ல, அதுக்குப் பாஷை மட்டும் ரெடியாம்" என்று அப்பா ஃபோனில் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

அப்புறம்தான் இந்தத் தொடர் வந்தது. உப்பு வெட்டிப் பிழைக்கும் ஒரு கூட்டம், அவர்களுக்கு ஒரு மொழி வேண்டும் என்றார்கள். அதுவரை செய்துவைத்திருந்ததையெல்லாம் கலைத்துப்போட்டுவிட்டு, உப்புத் தொழிலாளர்களின் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோர் உதடும் வெடித்திருந்தது. வெடித்த உதட்டில் உப்பு பட்டால் எரியும், உதட்டோடு உதடு ஒட்டினால் இன்னும் எரியும். அப்படிப்பட்டவர்கள் ப, ம என்றெல்லாம் பேசுவார்களா? உதட்டைச் சேர்க்காமலேயே பேசிப் பழகியிருப்பார்கள். பள்ளியில் படித்த இதழகல் செய்யுள் ஞாபகம் வந்தது. உதடு ஒட்டாமல் பாடிக் காட்டுவது புலவர்களுக்கு வித்தை. என் மக்களுக்கு அது பிழைப்பு.

ஸெகாரியின் முதல் விதி அப்படி வந்ததுதான்: உதடுகள் சேராது. மற்றதெல்லாம் அதன்மேல் நின்றது. 'ம' இல்லாமல் அம்மாவுக்கு ஒரு சொல் தேடியே ஒரு மழைக்காலம் போனது. கடைசியில் 'ஆனே' என்று வைத்தேன். எழுத்தும் அப்படித்தான். ஓலையில் நேர்கோடு போட்டால் கிழியும் என்பதால் நம் எழுத்துகள் வளைந்தன என்பார்கள். உப்புப் பாளத்தில் வளைவு போட்டால் உதிர்ந்துவிடும். ஆகவே ஸெகாரியில் வட்டமே கிடையாது; எல்லாம் நேர்க்கீறல்.

நடிகர்கள் வாய் தவறுவது இந்தத் தொழிலில் சகஜம். தவறு என்று அவர்களிடம் சொல்ல மாட்டோம். சாயங்காலம் வீட்டுக்குப் போய், அந்தத் தவறையும் சரியாக்குகிற மாதிரி ஒரு விதியைச் செய்துகொண்டு வந்துவிடுவோம். வில்லன் ஒருநாள் விக்கலோடு பேசிவிட்டார் என்பதற்காக, சந்தேகத்தைக் காட்டும் விக்கல் ஒன்று ஸெகாரியில் சேர்ந்திருக்கிறது. ஆனால் உதடு? அந்தக் கல்லை உருவினால் வீடே சரிந்துவிடும்.

நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது மகனாக நடித்த பையன் வந்தான். வசனத்தைப் பாடப்புத்தகம்போல் படிப்பான் என்பதால் அவனுக்கு 'பரீட்சை' என்று பெயர். வசனத்தோடு நிற்காமல் மொழியையே கற்றுக்கொள்கிறேன் என்று கிளம்பியவன் அவன் ஒருவன்தான்.

"அக்கா, ஒரு டவுட். அம்மா பேசினது உங்க நோட்டுல எந்தப் பக்கத்துல இருக்கு? நான் கரைச்சுக் குடிச்சிருக்கேன், எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியல."

"கடைசி நிமிஷத்துல மாத்தினோம்."

"என்கிட்ட சொல்லவே இல்ல?"

"சொல்லியிருந்தா நீ நிஜமா அழுதிருப்பியா?"

யோசித்தான். "அதுவும் சரிதான்." இரண்டடி போய்த் திரும்பி வந்தான். "ஆனா உதடு ஒட்டுச்சேக்கா. ஒட்டினா காலை உடைப்பேன்னு முதல் நாளே சொன்னீங்க. நான் பயந்து பயந்து பேசுறேன், அம்மா ஜாலியா ஒட்டுறாங்க. நானும் ஏதோ வேகத்துல ஒட்டிட்டேன். மேபான்னா என்ன?"

"நாளைக்குச் சொல்றேன்."

"சிலபஸ்ல இல்லாததைக் கேட்டா பிள்ளைங்க எங்க போவாங்க" என்று முனகிக்கொண்டே போனான்.

அத்தை என் அப்பாவின் தங்கை. அவளுடைய வீட்டில்தான் நான் இருக்கிறேன். ஒருத்தி நின்றால் இன்னொருத்தி பக்கவாட்டில் நுழைய வேண்டிய சமையலறை, துணி காயப்போட ஒரு பால்கனி. வாழ்நாள் முழுக்க டப்பிங் பேசியவள். கதாநாயகிகளுக்கு, அழுகிற அம்மாக்களுக்கு, சோப்பு விளம்பரக் குழந்தைகளுக்கு, ஒருமுறை ஒரு கிழட்டு ஆமைக்கு. பேங்கில் வரிசையில் நின்று வாய் திறந்தால் நாலு பேர் திரும்புவார்கள். முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அதைச் சொல்லி அத்தை சிரிப்பாள், எனக்குத்தான் சிரிப்பு வராது. வேறு வேலையாக டப்பிங் தியேட்டருக்கு வந்த இயக்குநர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அழுதுகொண்டிருந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "இந்த அம்மாதான் என் உப்புக்காரி" என்றாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்த அத்தை குளியலறைக் கண்ணாடியின் முன்னால் வெகுநேரம் நின்றாள். அவள் முகம் திரையில் வருவது இதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலம் அவள் உதட்டிலிருந்த மேக்கப் பசையைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"இன்னைக்கு என்ன பேசினீங்க அத்தை?"

"நீ எழுதிக் கொடுத்ததைத்தான்."

"அத்தை."

"கொஞ்சம் முன்னப்பின்ன இருந்திருக்கும்."

"முன்னும் இல்ல, பின்னும் இல்ல. ஒண்ணுமே இல்ல."

பஞ்சை உதட்டில் அழுத்தி வைத்துக்கொண்டாள். பேசாமலிருக்க நல்ல சாக்கு. நான் சமையலறைக்கும் பால்கனிக்குமாக நடந்தேன்.

"காலில வெந்நீர் ஊத்தினாப்புல நடக்காதடி, தலை சுத்துது" என்று கடைசியில் பஞ்சை எடுத்தாள். "எனக்கு மனப்பாடம் வராது. இத்தனை வருஷத்துல ஒரு வரி மனப்பாடம் பண்ணினதில்ல. எதுக்குப் பண்ணணும்? கையில பேப்பர் இருக்கும், திரையில வாய் இருக்கும். படிச்சேன், பேசினேன், அடுத்த பேப்பர்."

"சின்ன வரியெல்லாம் சரியாத்தானே சொன்னீங்க?"

"ரெண்டு வார்த்தைன்னா கேமரா முன்னாடி வர்ற வரைக்கும் வாயிலயே வெச்சிருப்பேன். இது ஒரு பாரா. ஒத்திகையில லைட்டுக்குப் பின்னாடி பேப்பரை ஒட்டிப் பாத்தேன், 'ஏம்மா கண்ணு அலையுது'ன்னு கேட்டுட்டாரு. அங்கேயே குரலையும் பதிவு பண்றாங்க, யாரும் எடுத்துக் கொடுக்க முடியாது. காதுல கருவி வைக்கலாம்னா உங்க உப்புக்காரிக்கு மொட்டை. முடி இருக்கக் கூடாதுன்னு எவ சொன்னா?"

நான்தான் சொன்னேன். உப்பு முடியில் தங்கும் என்று.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"எதுக்கு? 'அத்தைக்கு வயசாயிடுச்சு'ன்னு உங்கப்பனுக்கு ஃபோன் போடவா? யோசிச்சுப் பாத்தேன். அந்தப் பாஷை தெரிஞ்சது உலகத்துலயே நீ ஒருத்தி. நீ என் வீட்டுப் பொண்ணு. துணிஞ்சு வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்."

"நான் ஒருத்தி இருக்கேன்ல அத்தை!"

"அதைத்தானே நானும் சொல்றேன். ஒருத்திதானே."

மறுநாள் செட்டைப் பிரித்துவிட்டார்கள். தகரக் கொட்டகைகளும் வெள்ளை மண்ணும் லாரியில் ஏறிப்போயின. மறுபடி எடுக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அத்தையின் சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். இந்த இடத்தில் ஒரு வேர்ச்சொல், அந்த இடத்தில் ஒரு விகுதி என்று வெட்டிப் பார்த்தேன். பாதிக்குமேல் எப்படியோ பொருள் கொடுத்துவிட முடிந்தது. ஒவ்வொரு தடவையும் உதடு சேரும் இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றேன். மேபா. பஸ்ஸில் அதையே முணுமுணுத்துக்கொண்டு போனதில், பக்கத்தில் இருந்த அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

இயக்குநர் எடிட்டிங் அறைக்குக் கூப்பிட்டார். தொடர் வருவதற்குமுன் இந்த ஒரு காட்சியை மட்டும் விளம்பரமாக விடப் போகிறார்களாம்.

"இப்ப பாரு அகராதி. அம்மா ஒவ்வொரு வார்த்தையா பேசுறாங்க. கீழே அந்த வார்த்தை உன் எழுத்துல வருது, அதுக்குக் கீழே அர்த்தம் வருது. பாக்குறவன் கூடவே கத்துக்கணும். வார்த்தைக்கு வார்த்தை வேணும். எப்ப கொடுப்ப?"

மென்று விழுங்கிப் பார்த்தேன். ஏதாவது ஒரு நாளைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை நாளும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது அப்படியே வெளியே வந்துவிட்டது.

"வார்த்தையே இல்ல சார். அது ஸெகாரி இல்ல. சும்மா சத்தம்."

என்னையே பார்த்தார். திரையில் அத்தையின் முகத்தை ஓடவிட்டார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"சும்மா சத்தத்துக்கா நான் அழுதேன்? கெட்டிக்காரி அந்தம்மா!" அவருக்குக் கோபமே வரவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "சரி விடு, இது ஒரு விஷயமே இல்ல. முகம் அவங்களோடதாவே இருக்கட்டும். குரலை மாத்திடலாம். ஒரு சின்னப் பொண்ணு இருக்கு, பெரியவங்க குரலெல்லாம் அருமையாப் பேசும். நீ எழுதின வரியை அப்படியே சுத்தமாப் பேசிடும்."

சுத்தமாக. நான் ஆசைப்பட்டது அதைத்தானே? மாடிப்படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்க மறந்து ஒரு படி தவறினேன்.

அத்தை பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"அந்த சீன்ல உங்க குரலை எடுத்துட்டு வேற குரல் போடப் போறாங்க அத்தை."

புடவையின் ஓரத்தில் கிளிப்பை மாட்டினாள். "யாரு பேசுறா?"

"சின்னப் பொண்ணாம்."

"க்ளோஸப்புக்குப் பேசியிருக்காளா? மூச்சு நிக்குமா அவளுக்கு?" என்று தொழில்காரியாகக் கேட்டாள். அடுத்த கிளிப் கையிலேயே நின்றது. "என் மூஞ்சிக்கு இன்னொருத்தி வாயா?"

பிறகு அந்தக் கிழட்டு ஆமையின் குரலில், "நல்லதுதானே குழந்தாய், எல்லாம் நன்மைக்கே" என்றாள். அத்தைக்கு மனசு வலித்தால் சொந்தக் குரலில் பேசமாட்டாள். அப்பா ஃபோனில் திட்டினால்கூட சோப்புக் குழந்தையின் குரலில்தான் பதில் சொல்வாள்.

"நீயா சொன்ன?"

"ஆமா."

"வேற யாரால சொல்ல முடியும்." இது அவளுடைய குரல். "உன் பாஷை உனக்கு" என்று வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

காலையில் நான் எழுந்தபோது அத்தை புடவை கட்டி, கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"கிளம்பு. உன் டைரக்டருக்கு ஃபோன் பண்ணிட்டேன். அந்தப் பொண்ணு மத்தியானம்தான் வருதாம். அதுக்குள்ள முடிச்சா சரின்னுட்டாரு. என் மூஞ்சிக்கு நான் பேசுறேன். மைக் முன்னாடி நிக்க எனக்கு எவளும் சொல்லித்தர வேண்டாம். பேப்பரை எடுத்துக்கோ."

அந்த டப்பிங் தியேட்டரில் அத்தைக்குத் தெரியாத சுவர் கிடையாது. பஞ்சு வைத்துத் தைத்த சுவர்கள், ஒரு மைக், பேப்பர் வைக்க ஒரு ஸ்டாண்ட், அதன்மேல் குனிந்த சின்ன விளக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர். "வாங்க மேடம், இன்னைக்கு யாருக்குப் பேசுறீங்க?" என்று அவர் கேட்டார். "எனக்கு" என்றாள் அத்தை.

ஹெட்போனின் ஒரு பக்கத்தை மட்டும் காதில் வைத்துக்கொண்டாள். திரையில் அவளே வந்தாள். பேப்பரில் ஒரு கண், திரையில் ஒரு கண். பேசினாள்.

நான் எழுதிய பேச்சு, ஒரு எழுத்து பிசகாமல். இத்தனை வருஷம் என் தலைக்குள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது அறை முழுக்கக் கேட்டது. இதே அத்தையா அன்று உளறினாள்?

"வாயசைவோட ஒட்டல மேடம்" என்றது கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துக் குரல்.

மறுபடி பேசினாள். சில இடங்களை இழுத்தாள், சில இடங்களை முழுங்கினாள்.

"ஒட்டலியே."

அத்தை ஹெட்போனைக் கழற்றினாள். "ஒட்டாது. எவ வந்து பேசினாலும் ஒட்டாது. வாய் மூடுற இடத்துல வாய் மூடுற எழுத்து வேணும். இந்தப் பேப்பர்ல ஒண்ணுகூட இல்ல." என் பக்கம் திரும்பினாள். "ஏன்டி, உன் பாஷையில ஒரு 'ம' கிடையாதா? ஒரு 'ப'?"

"கிடையாது அத்தை. அது விதி."

"யாரு போட்ட விதி?"

"நான்தான்."

ஒலிப்பதிவாளர் மைக்கை அணைக்காமலேயே சிரித்துவிட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "கவலைப்படாதீங்க மேடம். ஒட்டலேன்னா என்ன பண்ணுவாங்க, அந்த இடத்துல உங்க முகத்தைத் தூக்கிட்டுப் பையன் முகத்தைப் போட்டுடுவாங்க. வசனம் பின்னாடி கேக்கும். வழக்கமா பண்றதுதானே."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அத்தை கையிலிருந்த பேப்பரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஆமைக் குரல்கூட வரவில்லை. நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

நடைபாதையில் குடிதண்ணீர்க் கேன் இருந்தது. அதுவரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். படிக்கட்டுப் பக்கத்து பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் வரவேண்டியவள் சீக்கிரமே வந்துவிட்டாள் போலிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு, காலை ஆட்டியபடி சொல்லிக்கொண்டிருந்தாள். என் வரிகளை. கையில் பேப்பர் இல்லை. முழுப் பேச்சையும் சொன்னாள், மறுபடி முதலிலிருந்து சொன்னாள். அவள் உதடுகள் ஒரு தடவைகூடச் சேரவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி, தாய்மொழியைப்போல அதைச் சொல்கிறாள். அப்படியே விட்டுவிடலாம். விட்டுவிட்டால் ஸெகாரி பிழைத்துக்கொள்ளும். அத்தையின் முகம் மட்டும்தான் போகும்.

தண்ணீரை டம்ளரில் பிடித்துவிட்டுக் குடிக்காமலேயே வைத்துவிட்டு உள்ளே போனேன்.

"சத்தமில்லாம ஒரு தடவை ஓட்டுங்க சார்."

குரல் இல்லாமல் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். உதடு சேரும் ஒவ்வொரு தடவையும் இடது கண்ணின் ஓரம் சுருங்கியது. அதன்பிறகுதான் கண் நிறைந்தது.

"இங்க ஏன் கண்ணு சுருங்குது அத்தை? நடிப்பா?"

"நடிப்பாவது! எரிஞ்சுச்சுடி. கேமராவுல மின்னணும்னு மேக்கப்காரன் பசையில நிஜ உப்பையே கலந்துட்டான். வாயை மூடினா உயிர் போச்சு."

"பின்ன ஏன் மூடினீங்க?"

"என்ன பண்றது? பேப்பர் இல்லையே, அடுத்து என்னன்னு தெரியல. தெரியலேன்னா வாய் தானா மூடிக்குது. மூடினா எரியுது. எரிஞ்சா அழுகை நல்லா வருது. அட, இது வசதியா இருக்கேன்னு திரும்பத் திரும்ப மூடினேன்."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மூடினால் எரியும், ஆகவே மூடமாட்டார்கள். இத்தனை வருஷமும் நான் அந்த இடத்தோடு நின்றுவிட்டிருந்தேன். எரியும் என்று தெரிந்தே மூடுகிறவள் ஒருத்தி இருப்பாள் என்று யோசிக்கவே இல்லை. உப்பு விலை கேட்க மூடமாட்டாள், சண்டைக்கு மூடமாட்டாள். நிறுத்த முடியாத ஒருவன் போகும்போது மூடுவாள். போகிறவனும் தன் உதட்டை மூடி அதைத் திருப்பித் தரவேண்டும். தராவிட்டால் அவள் எரிச்சலுக்கு மதிப்பில்லை. பரீட்சை அதை ஒன்றும் தெரியாமலேயே திருப்பித் தந்திருந்தான்.

"பென்சில் இருக்கா அத்தை?"

கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பேப்பரின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தேன். அத்தை மேலே குனிந்து நின்றுகொண்டாள்.

"இங்க 'ஆ' போடாதடி, வாய் அவ்வளவு திறக்கல. பல்லு தெரியுது பாரு, 'ஈ' போடு."

"'ஈ' போட்டா எதிர்காலம் ஆயிடும் அத்தை."

"ஆகட்டுமே. போறவன்கிட்ட எதிர்காலம் பேசாம வேற என்ன பேசுறது? இங்க சின்ன மூடல், ஒரு 'ம' போதும். அங்க இறுக்கமா மூடுறேன், அது 'ப'."

"நாக்கு வெளிய வர்ற இடம் ஒண்ணு இருக்கு" என்றார் ஒலிப்பதிவாளர்.

"அது எச்சில் முழுங்கினேன். விட்டுடு."

இதற்குள் பரீட்சையிடமிருந்து குறுஞ்செய்தி: 'அக்கா, மேபா?' நான் பதில் அனுப்பினேன்: 'யாராவது சொன்னா திருப்பிச் சொல்லணும். சொல்லிட்ட. பாஸ்.'

புதுப் பேப்பரை ஸ்டாண்டில் வைத்தோம். அத்தை பேசினாள். திரையில் உதடு சேர்ந்தபோது குரலும் சேர்ந்தது, பிரிந்தபோது பிரிந்தது. மேபாவுக்கு வந்தபோது மைக்கிடம் சற்று நெருங்கினாள். என் விதி என் கண்ணெதிரே உடைந்தது. ஆனாலும் காதை எடுக்க முடியவில்லை.

"ஒட்டிடுச்சு மேடம்."

இயக்குநர் வந்து கேட்டார், பார்த்தார், "எனக்கு இதே போதும்" என்றார். மேபாவுக்கு என்ன அர்த்தம் போடுவது என்றதற்கு, "இந்த எரிச்சல் உனக்கு" என்றேன்.

"அப்படின்னா?"

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அழகாத்தான் இருக்கு. ஆனா திரையில அடிக்குறிப்பு போட முடியாதும்மா. 'போய் வா மகனே'ன்னு வெச்சுக்கலாம்." சொல்லிவிட்டு ஃபோனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"டைட்டில்ல என் பேரு ரெண்டு தடவை வரணும்னு சொல்லு. மூஞ்சிக்கு ஒண்ணு, குரலுக்கு ஒண்ணு" என்று அத்தை அவர் முதுகைப் பார்த்து என்னிடம் சொன்னாள். சொந்தக் குரலில்தான்.

பெஞ்சில் இருந்த பெண்ணிடம் விஷயத்தைச் சொல்லவேண்டியது என் பொறுப்பாயிற்று. அவள் முகம் சுண்டியது, உடனே சரிசெய்துகொண்டாள்.

"பரவாயில்லக்கா. அப்போ இதை நான் மறந்துடலாமா?"

"வேண்டாம்" என்றேன் அவசரமாக. "இருக்கட்டும். வெச்சுக்கோ."

தோளைக் குலுக்கிவிட்டுப் படியிறங்கினாள். பழக்க தோஷமோ என்னவோ, இறங்கும்போதே மறுபடி ஆரம்பித்துவிட்டாள். எந்தத் திரையிலும் வரப்போகாத அந்தப் பேச்சு ஒவ்வொரு படியாகக் கீழே போனது. நானும் அத்தையும் மேலே நின்று கேட்டோம்.

"நல்லாப் பேசுறாடி" என்றாள் அத்தை. "மூச்சு நிக்குது. என்ன சொல்றா அவ?"

"என்ன அத்தை, நீங்க பேச வேண்டியதுதானே அது?"

"எனக்கென்ன தெரியும்? 'மகன் போறான், அழணும்'னு சொன்னீங்க. அழுதேன். அதுக்கு மேல நான் யார்கிட்டயும் கேட்டதும் இல்ல, எவனும் சொன்னதும் இல்ல."

நாக்கு எங்கே படவேண்டும், மூச்சை எங்கே நிறுத்தவேண்டும் என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் கொடுத்திருந்தேன். உண்மைதான், பொருளைச் சொன்னதாக நினைவில்லை. படியில் அந்தக் குரல் தேய்வதற்குள் வேகமாகத் தமிழில் சொன்னேன்.

"நீ போற ஊர்ல உப்பு சின்னச் சின்னப் பொட்டலத்துல வருமாம். வாங்குறவங்க அதை நக்கிக்கூடப் பாக்க மாட்டாங்களாம். நீ மட்டும் ஒரு கல்லு எடுத்து நாக்குல வெச்சுப் பாரு. ரொம்பக் கரிச்சா அது நான் வெட்டினது. நான் எப்பவும் அவசரத்துலதான் வெட்டுவேன், வீட்டுல நீ அழுவியேன்னு."

அத்தை கைப்பிடியில் வைத்த கையை எடுக்கவில்லை. கீழே தெருக்கதவு திறந்து மூடியது.

"இவ்வளவுதானா? இதை ஏன்டி முன்னாடியே தமிழ்ல சொல்லல? தெரிஞ்சிருந்தா எனக்கு மறந்திருக்கவே மறந்திருக்காதே."

நான் வாயை மூடிக்கொண்டேன்.